விடுவிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும்?

திருச்சியிலோ ஸ்ரீரங்கத்திலோ பதினேழு வயதுப் பையன் ஒருவன் திருட்டு வழக்கில் பிடிபட்டால் அவனை மத்தியச் சிறையில் அடைக்க முடியாது. திருச்சி கூர்நோக்கு இல்லத்தில் வைத்து, இளைஞர் நீதிக் குழுமம் விசாரிக்கும். குற்றம் உறுதியானால் அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறப்பு இல்லம். அந்த மூன்றாண்டு முடியும் முன்பே அவனை வீட்டுக்கு அனுப்பலாமா, அதை யார் சொல்வது? 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 97-ஆவது பிரிவில், அந்தப் பொறுப்பைக் குழுமத்திடமே தருகிறது. நன்னடத்தை அலுவலர் அல்லது சமூகப் பணியாளரின் அறிக்கையைப் பார்த்து, நிபந்தனையோடோ நிபந்தனை இல்லாமலோ குழுமம் அவனை விடுவிக்கலாம். அதிகாரம் சரியான இடத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. ஆனால் பையனை நேரில் பார்க்காமலே அதைச் செலுத்தவும், செலுத்தாமலே விட்டுவிடவும் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. குறை அங்கேதான்.

குழுமத்தின் பலம் அதன் அமைப்பு. ஒரு நீதித்துறை நடுவர், இரண்டு சமூகப் பணி உறுப்பினர்கள், அவர்களில் ஒருவராவது பெண். கருத்து வேறுபட்டால் பெரும்பான்மை முடிவே செல்லும். சட்டம் படித்த நடுவரின் முடிவை, பிள்ளைகளோடு வேலை செய்து பழகிய இருவர் சேர்ந்து மாற்ற முடியும் என்பது நம் நீதிமன்றங்களில் அரிதான ஏற்பாடு. தேர்தலைச் சந்திக்க வேண்டிய எவரும் அங்கே இல்லை என்பது அதைவிட முக்கியம். 1993-இல் இங்கிலாந்தில் லிவர்பூல் அருகே இரண்டு வயதுக் குழந்தையைப் பத்து வயதுச் சிறுவர்கள் இருவர் கொன்றார்கள். ஊரே கொதித்துப் போயிருந்த நிலையில், அவர்கள் குறைந்தது 15 ஆண்டு உள்ளே இருக்க வேண்டும் என்று உள்துறை அமைச்சர் மைக்கேல் ஹோவர்ட் நிர்ணயித்தார். அது சட்டப்படி செல்லாது என்று 1997-இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. கால அளவை அமைச்சர் முடிவு செய்வதே நியாயமான விசாரணைக்கு விரோதம் என்று 1999-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் சொன்னது. 2001-இல் பரோல் வாரியம் இருவரையும் விடுவித்தது. அவர்களில் ஒருவர் பின்னால் வேறு குற்றத்துக்காகச் சிறைக்குத் திரும்பினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வாரியமும் தவறலாம். ஆனால் அது நிபந்தனையோடு விட்டிருந்ததால்தான் அவரை மறுபடி உள்ளே அழைக்க வழி இருந்தது.

பையனை அன்றாடம் பார்க்கிறவர் இல்லத்தின் கண்காணிப்பாளர், அவரே முடிவு செய்யட்டுமே என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆயினும் நான் உடன்படவில்லை. 2022 டிசம்பர் 31 அன்று, செங்கல்பட்டில் அரசு இல்லத்தில் இருந்த 17 வயதுச் சிறுவன் இறந்தான். அவனை அடித்துக் கொன்றதாக அந்த இல்லத்தின் ஊழியர்களே கைதானார்கள். இல்லங்களைச் சீர்செய்ய வழி கேட்டு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவைக் கொண்டு அரசு ஒருநபர் குழு அமைத்தது. அடைத்து வைக்கிறவர் கையிலேயே விடுவிக்கும் அதிகாரமும் இருந்தால், அடிபட்ட பையன் வாய் திறப்பானா? கண்காணிப்பாளரின் சொல்லைக் கேட்கலாம், தீர்ப்பை அவரிடம் விடக்கூடாது.

இனி குழுமத்தின் குறைகள். இறுதி முடிவுக்கு நடுவரோடு சேர்த்து இருவர் இருந்தாலே போதும், பெரும்பான்மை கிடைக்காவிட்டால் நடுவரின் கருத்தே நிற்கும் என்கிறது 7-ஆவது பிரிவு. ஒரு சமூகப் பணி உறுப்பினரின் இடம் காலியாகக் கிடந்தாலோ, அவர் அன்று வராவிட்டாலோ, மிஞ்சிய ஒருவர் எவ்வளவு வாதாடினாலும் நடுவர் நினைத்ததுதான் நடக்கும். மூவர் குழுமம் என்று பெயர், நடப்பதோ ஒருவர் ஆட்சி. அடுத்தது தூரம். மாதம் ஒரு முறையாவது இல்லங்களைப் பார்வையிட வேண்டும் என்பது குழுமத்தின் கடமை. ஆனால் சிறுவர்களுக்கான அரசு சிறப்பு இல்லம் இருப்பது செங்கல்பட்டில், திருச்சியிலிருந்து சுமார் 270 கிலோமீட்டர் தள்ளி. காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் தகப்பன் மகனைப் பார்க்கப் போனால் ஒரு நாள் கூலியும் பஸ் கட்டணமும் போகும். பையனுக்கும் வீட்டுக்கும் இடையே ஒட்டு விட்டுப்போனால், அவன் திரும்பிப் போக வீடு தயாராக இருக்கிறது என்று எந்த அலுவலரால் எழுத முடியும்? எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, 97-ஆவது பிரிவின்படி கோப்பைக் குறித்த நாளில் திறந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லாதது. அறிக்கை வந்தால் குழுமம் பரிசீலிக்கும். வராவிட்டால் பையன் திருந்தினானா என்று பார்க்க ஆளில்லை, நாட்காட்டிதான் அவனை விடுவிக்கும்.

முன்கூட்டியே விடுவது ஊருக்கு ஆபத்தில்லையா, பாதிக்கப்பட்டவருக்கு என்ன பதில் என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. பணத்தையோ உயிரையோ பறிகொடுத்த குடும்பத்தின் அச்சம் உண்மையானது. பையன் அதே தெருவுக்குத் திரும்பலாமா என்பதில் அவர்கள் பேச்சையும் குழுமம் கேட்கட்டும். ஆனால் மூன்றாண்டு முடிந்தால் எப்படியும் வெளியே வரப்போகிறவன் அவன். கெடு தீர்ந்து வருகிறவன்மேல் யாருக்கும் பிடி இல்லை. நிபந்தனையோடு ஆறு மாதம் முன்னே வருகிறவன் மேற்பார்வையில் இருப்பான், மீறினால் குழுமம் அவனை இல்லத்துக்கே திருப்பி அனுப்பலாம். கொடுங்குற்றம் செய்த 16 வயதுக்கு மேற்பட்டவர்களின் நிலை வேறு. குழந்தைகள் நீதிமன்றம் தண்டித்தவருக்கு 21 வயதாகியும் காலம் மிஞ்சியிருந்தால், அவர் திருந்தியிருக்கிறாரா என்று மதிப்பிட்ட பிறகே விடுதலையா சிறையா என்று முடிவு செய்ய வேண்டும் என்கிறது 20-ஆவது பிரிவு. கொலைக் குற்றவாளிக்குக் கட்டாயமாகக் கிடைக்கும் அந்த மதிப்பீடு, செல்போன் திருடியவனுக்கு ஏன் யாராவது நினைத்தால்தான் கிடைக்கிறது?

ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு பையனின் கோப்பையும் குழுமம் தானாகவே எடுக்க வேண்டும். அன்று அவனையும் பெற்றோரையும் இல்லத்தில் தொழில் கற்றுக்கொடுத்தவரையும் நேரில் கேட்க வேண்டும். அலுவலர் வீட்டுக்குப் போய் வந்த தேதி அறிக்கையில் இருக்க வேண்டும். விடுவிக்க மறுத்தால் காரணத்தை எழுதித் தர வேண்டும், அதை வைத்து அவன் மேல்முறையீடு செய்யலாம். இருவர் போதும் என்ற ஏற்பாட்டை மாற்ற நாடாளுமன்றம் வேண்டும். மற்றவற்றுக்கு, 110-ஆவது பிரிவின்படி விதிகள் வகுக்கும் தமிழக அரசே போதும்.