காதுக்குள் ஒரு மீன்

ஜூன் பிறந்து சாரல் கட்டிவிட்டால் இலஞ்சியில் ராத்திரி ஒன்பதுக்கு மேல் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. ஓட்டில் தூறல் விழும் சத்தம், வயலில் தவளைச் சத்தம், அவ்வளவுதான். ஒலி நாடகம் கேட்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. இந்தச் சாரலுக்கு நான் சொல்வது, டக்ளஸ் ஆடம்ஸின் ‘தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு தி கேலக்ஸி’ என்ற அறிவியல் புனைகதைத் தொடரில், 2005 ஜூன் மாதம் பிபிசி ரேடியோ 4-இல் ஒலிபரப்பான இறுதிப் பகுதி. அரை மணி நேரம்தான்.

எடுத்த எடுப்பில் அதைப் போட்டுவிடாதீர்கள். அன்றைக்குச் சாயங்காலமே, 1978 மார்ச் 8-இல் வந்த முதல் பகுதியைக் கேட்டுவிடுங்கள். ஆர்தர் டென்ட் என்பவனுடைய வீட்டைப் புறவழிச் சாலைக்காக இடிக்க வருகிறார்கள். சற்று நேரத்தில் விண்வெளிச் சாலைக்காகப் பூமியே இடிபடுகிறது. தப்பித்தவன் காதில் நண்பன் ஃபோர்டு ஒரு குட்டி மீனைத் திணிக்கிறான். பேபல் மீன் என்று பெயர். அது காதில் இருந்தால் எந்தக் கிரகத்துப் பாஷையும் புரியும். இந்த மீனை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பிட்டுவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு, கடைசிப் பகுதிக்கு வாருங்கள். கதையை விட்டுவிட்டு முதலில் குரல்களைப் பிடியுங்கள். ஆர்தராகப் பேசும் சைமன் ஜோன்ஸும் ஃபோர்டாகப் பேசும் ஜெஃப்ரி மெக்கிவெர்னும் 1978-இல் பேசிய அதே நடிகர்கள். நடுவே 27 வருஷம் ஓடியிருக்கிறது. சாயங்காலம் கேட்ட இளைஞனின் பதற்றம் ராத்திரி கனிந்து, கொஞ்சம் களைத்து வருகிறது. ஒப்பனையால் மறைக்க முடியாத வயது இது. விவித பாரதியில் திரைப்பட ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் காதுப் பழக்கத்தைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

இல்லாத குரல்களும் உண்டு. கதையில் வரும் வழிகாட்டி நூலின் குரலாகவே பேசிய பீட்டர் ஜோன்ஸ் 2000-இல் காலமானார். அந்த இடத்தில் வில்லியம் ஃபிராங்க்ளின் பேசுகிறார். ஆடம்ஸும் 2001 மே மாதம், 49 வயதில் போய்விட்டார். ஆனால் இயக்குநர் டர்க் மேக்ஸ், 2004-இல் வந்த பகுதிகளில், ஆடம்ஸ் முன்பே வாசித்துப் பதிவு செய்திருந்த ஒலிப்புத்தகத்திலிருந்து குரலை எடுத்து, அக்ராஜாக் என்ற பாத்திரத்தைப் பேச வைத்தார். ஆர்தர் கையாலேயே பிறவிதோறும் செத்துச் செத்துப் பிறக்கும் பாத்திரம் அது. செத்துப்போன எழுத்தாளரின் குரல் அதில் வரும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மயிர்க்கூச்செறியும்.

கதையில் வரும் இணைப் பிரபஞ்சத்தை ஒலியில் எப்படிக் காட்டுவது? இதற்கு மேக்ஸ் கண்ட வழி அபாரம். வானொலியில் டிரில்லியன் என்ற பெண்ணாகப் பேசிவந்தவர் சூசன் ஷெரிடன். 1981 தொலைக்காட்சித் தொடரில் அதே பாத்திரம் சாண்ட்ரா டிக்கின்ஸனுடையது. 2005-இல் இருவருமே பேசுகிறார்கள், இரண்டு உலகங்களின் ஒரே பெண்ணாக. அந்த இரண்டு குரல்களையும் பிரித்துக் கேட்கப் பழகுங்கள்.

இனி முடிவு. இதற்கு மூலமான, 1992-இல் வந்த ‘மோஸ்ட்லி ஹார்ம்லெஸ்’ நாவல், எல்லாப் பூமிகளையும் அழித்துவிட்டு நிற்கிறது. அந்த இருட்டு பின்னாளில் ஆடம்ஸுக்கே உவப்பாக இல்லை. நாடகமும் அழிவு வரை நாவலோடு வருகிறது. அதற்குப் பிறகு தொடர்கிறது. ஆர்தரையும் நண்பர்களையும் காப்பாற்றுவது காதுக்குள் இருந்த அந்த மீன்! காதை மட்டும் நம்பி நடந்த ஒரு கதைக்கு இதைவிடப் பொருத்தமான மீட்பு எனக்குத் தோன்றவில்லை. தொலைந்த காதலி ஃபென்சர்ச்சை ஆர்தர் மறுபடி பார்க்கிறான். ஜேன் ஹாரக்ஸின் குரலில் அவள் சொல்லும் பதிலுக்காகக் காத்திருங்கள்.

நாவல் பிரியர்கள் சிலருக்கு இந்த மாற்றம் பிடிக்காது. நான் அவர்கள் கட்சி இல்லை. நம் பக்கத்து வில்லுப்பாட்டில் எத்தனை கொலை விழுந்தாலும் வாழி பாடாமல் வில்லைக் கீழே வைப்பதில்லை. அந்த வாழியைத்தான் இங்கேயும் கேட்கிறேன்.

ஆங்கிலம் வேகமாக ஓடும். முதல் தடவை நழுவுவது நழுவட்டும்; மறுநாள் திரும்பக் கேளுங்கள். குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி., ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாய்விட்டுச் சொல்லிக் காட்டித்தானே ரசிக்கச் செய்தார்.

முதல் பகுதி வந்து சரியாக 40 வருஷம் கழித்து, 2018 மார்ச் 8-இல், இயோன் கோல்ஃபரின் நாவலை வைத்து இன்னும் ஆறு பகுதிகள் தொடங்கின. அவற்றையும் கேட்கலாம். ஆனால் அதே ராத்திரி வேண்டாம், ஒரு வாரம் போகட்டும்.