ஓட்டல் அறையில் தொடுதிரைத் தொலைபேசி – ஒரு மதிப்பீடு

சிங்கப்பெருமாள்கோயிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையில் பயணம் செய்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். தொழிற்சாலைகளுக்கு நடுவே புதிய ஓட்டல்கள் எழுந்து நிற்கின்றன. கொரியா, ஜப்பான் முதலிய நாடுகளிலிருந்து வரும் பொறியாளர்கள் அங்கே தங்குகிறார்கள். நேர்காணலுக்கு வரும் நம் ஊர் இளைஞர்களும் சில சமயம் தங்குகிறார்கள். இத்தகைய ஓட்டல்கள் சிலவற்றில், படுக்கையருகே இருந்த பழைய பட்டன் தொலைபேசியின் இடத்தில் கண்ணாடிப் பலகை ஒன்று வந்து அமர்ந்திருக்கிறது. அதுதான் தொடுதிரைத் தொலைபேசி.

இது எப்படி வேலை செய்கிறது? இதன் வசதிகள் யாவை? இதன் பின்னால் செருகப்படும் கம்பிகள் என்ன செய்கின்றன? எல்லாவற்றுக்கும் மேலாக, இது நல்ல கருவிதானா? இவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம். மதிப்பிடுவதற்கு முன் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். ஓட்டல் அறைத் தொலைபேசியை அதன் நல்ல நேரத்தில் வைத்து அளக்கக் கூடாது. நள்ளிரவு, இருட்டு, புகை, நெஞ்சுவலி, ஈரக்கை, பதற்றம் ஆகியவை கூடி வரும் அந்தக் கெட்ட நிமிடத்தில் வைத்தே அளக்க வேண்டும்.

வசதிகள்

வேலைக்கான நேர்காணலுக்கு வந்த மாணவர்களோடு ஒரகடம் பகுதியில் ஓர் ஓட்டலில் தங்க நேர்ந்தபோது இக்கருவியை நான் நெருங்கிப் பார்த்தேன். ஏறத்தாழ 7 அங்குலத் திரை. பக்கவாட்டில் வழக்கமான ரிசீவர். திரையில் உணவுப்பட்டியல், சலவை, வாடகைக் கார், காலையில் எழுப்பும் மணி, வானிலை, உலக நேரம் என்று வரிசையாகப் படங்கள். குளிர்சாதனத்தையும் விளக்கையும் அதிலிருந்தே இயக்கலாம். கைப்பேசிக்கு மின்னேற்றம் செய்ய 5 வோல்ட் துளை ஒன்றும் உண்டு.

இவற்றில் பல பாராட்டத் தக்கவை. மொழி தெரியாத ஊருக்கு வந்தவர் இட்லியின் படத்தைத் தொட்டு இட்லியை வரவழைத்துக்கொள்ளலாம். காது மந்தமானவர் பேசாமலேயே உணவு கேட்கலாம். பட்டன்களின் இடுக்கில் அழுக்கு சேரும். கண்ணாடியை ஒரே துடைப்பில் சுத்தம் செய்துவிடலாம். கோவிட் காலத்துக்குப் பிறகு இதைச் சிறிய நன்மை என்று தள்ள முடியாது.

ஆனால் அங்கே பணிபுரிந்த இளைஞர் ஒருவர் சொன்னது என் நினைவில் நிற்கிறது. “சார், ராத்திரி இந்த வெளிச்சம் கண்ணைக் கூசுதுன்னு நிறையப் பேர் துண்டைப் போட்டு மூடிடறாங்க. எப்படி அணைக்கறதுன்னு கேட்டுத்தான் எங்களுக்கு நிறைய போன் வருது” என்றார். தூங்கும் அறையில் வைக்கும் பொருளைத் துண்டால் மூட வேண்டியிருந்தால், அதை வடிவமைத்தவர் அந்த அறையில் ஓர் இரவாவது படுத்துப் பார்த்தாரா என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா?

தொட்டால் என்ன நடக்கிறது?

தொடுதிரையின் தத்துவம் பள்ளி இயற்பியலில் நாம் படித்த மின்தேக்கிதான். இங்கிலாந்தில் அரச ரேடார் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ஈ. ஏ. ஜான்சன் 1965-ல் இத்தகைய திரையை விவரித்தார். ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்னில் 1970-களின் தொடக்கத்தில் பென்ட் ஸ்டும்பே ஒளி ஊடுருவும் தொடுதிரை ஒன்றை உருவாக்கினார். மாபெரும் துகள் முடுக்கியின் கட்டுப்பாட்டு அறையில் அது பயன்பட்டது.

கண்ணாடியின் அடியில் இண்டியம் வெள்ளீய ஆக்சைடு என்ற பொருளால் கண்ணுக்குத் தெரியாத கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக இடப்பட்டிருக்கும். இப்பொருள் ஒளியையும் விடும், மின்சாரத்தையும் கடத்தும். கோடுகள் சந்திக்கும் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சிறு மின்தேக்கி. நம் உடல் ஒரு மின்கடத்தி. விரல் அருகே வந்ததும் அங்குள்ள மின்புலத்தின் ஒரு பகுதியைத் தன்பால் இழுத்துக்கொள்கிறது. மின்தேக்குத்திறன் சற்றே மாறுகிறது. எவ்வளவு? ஒரு பிக்கோஃபாரடு, அல்லது அதற்கும் குறைவு. அதாவது ஒரு ஃபாரடை லட்சம் கோடியாகப் பங்கிட்டால் அதில் ஒரு பங்கு. இத்தனை நுண்ணிய மாற்றத்தை நொடிக்குப் பல முறை அளந்து, விரல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கிறது உள்ளே இருக்கும் சில்லு. வியக்கத் தக்க சாதனைதான்.

இந்த நுட்பமே இதன் பலவீனமும் ஆகும். தண்ணீரின் ஒப்புமை விடுதிறன் ஏறத்தாழ 80. ஆகையால் கண்ணாடிமேல் நீர்த்துளிகள் விழுந்தால் அவற்றையும் விரலென்று திரை மயங்கக்கூடும். தடித்த கையுறை அணிந்தால் விரலை உணராமலும் போகலாம். நீங்களே சோதித்துப் பார்க்கலாம். உங்கள் வீட்டுக் கைப்பேசியின் திரையை மரப் பென்சிலின் பின்புறத்தால் தொடுங்கள், அசையாது. ஒரு வெள்ளரித் துண்டைக் கையில் பிடித்துத் தொடுங்கள், வேலை செய்யும். பிறகு ஈரக்கையால் ஓர் எண்ணைச் சுழற்றிப் பாருங்கள். குளியலறையில் வழுக்கி விழுந்து, சொட்டச் சொட்ட வந்து உதவி கேட்பவரின் நிலை அப்போது விளங்கும்.

பட்டனின் பெருமை

பழைய பட்டன் தொலைபேசியை மட்டமாக எண்ணிவிட வேண்டாம். 1963 நவம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் அது பொதுமக்களுக்கு அறிமுகமாவதற்கு முன், பெல் ஆய்வகத்தினர் எண்களைப் பல வகையாக அடுக்கி, மக்களிடம் கொடுத்து, எதில் பிழை குறைவு, எதில் வேகம் அதிகம் என்று அளந்தார்கள். இன்று நாம் காணும் மூன்று மூன்றான அடுக்கு அந்த ஆராய்ச்சியின் பயன்.

ஒவ்வொரு பட்டனும் இரண்டு ஒலிகளைச் சேர்த்து எழுப்புகிறது. வரிசைக்கு ஓர் அதிர்வெண், பத்திக்கு ஓர் அதிர்வெண். 5 என்ற பட்டனை அழுத்தினால் 770 ஹெர்ட்ஸும் 1336 ஹெர்ட்ஸும் சேர்ந்து ஒலிக்கும். மறுமுனையில் உள்ள இணைப்பகம் அவ்விரண்டையும் பிரித்தறிந்து எண்ணைப் புரிந்துகொள்ளும்.

அதே 5-ன் மேல் விரலால் தடவிப் பாருங்கள். சிறு புள்ளி ஒன்று புடைத்திருக்கும். பார்வையற்றவருக்கு அதுவே வழிகாட்டி. அங்கிருந்து மேலே 2, கீழே 8, இடப்பக்கம் 4, வலப்பக்கம் 6 என்று அவர் தடவி அறிவார். இருட்டில் நாம் எல்லோருமே பார்வையற்றவர்கள்தாம். கண்ணாடியில் அந்தப் புள்ளி இல்லை. எண்களைக் காணவே முதலில் ஒரு படத்தைத் தொட்டு வேறொரு பக்கத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அனைவரும் பயன்படுத்தத் தக்க நுகர்பொருள்களின் உற்பத்தியை அரசு ஊக்குவிக்க வேண்டும் என்கிறது. அந்தச் சட்டத்தின் கண்கொண்டு பார்த்தால் இக்கருவிக்கு நல்ல மதிப்பெண் போட முடியாது.

பின்புற இணைப்புகள்

கருவியைத் திருப்பிப் பார்ப்போம். பழைய தொலைபேசிக்கு இரண்டே கம்பிகள் போதும். இணைப்பகத்தில் உள்ள 48 வோல்ட் மின்கல அடுக்கே அறைத் தொலைபேசிக்கும் உயிர் கொடுக்கும். ரிசீவரை எடுத்தால் சுற்று மூடி, ஏறத்தாழ 25 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் பாயும். 48-ஐ 0.025-ஆல் பெருக்கினால் 1.2 வாட். அதுவும் பேசும்போது மட்டும். பேசாதபோது ஏறக்குறைய ஒன்றுமில்லை.

புதிய கருவியின் பின்னே எட்டு முனைகள் கொண்ட துளை இருக்கிறது. கணினி வலைப்பின்னலில் பயன்படும் அதே துளை. இதன் வழியே பேச்சும் மின்சாரமும் ஒரே வடத்தில் வருகின்றன. 2003-ல் வகுக்கப்பட்ட தரத்தின்படி, 48 வோல்ட் அளவிலான மின்னழுத்தத்தில், ஒரு துளைக்கு 15.4 வாட் வரை அனுப்பலாம். வடத்தில் ஏற்படும் இழப்பு போகக் கருவிக்கு 12.95 வாட் உறுதியாகக் கிடைக்கும். தனியாக ஒரு பிளக் தேவையில்லை. ஒரே வடத்தில் இரு வேலை என்பது அழகான பொறியியல்; இதை மனமாரப் பாராட்டலாம்.

ஆயினும் கணக்கு ஒன்று போடுவோம். ஒரு கருவி 6 வாட் எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 100 அறைகளுக்கு 600 வாட். ஒரு நாளைக்கு 14.4 யூனிட். யாரும் பேசாவிட்டாலும், அறையே காலியாக இருந்தாலும், திரை விழித்திருக்கும்வரை இச்செலவு உண்டு.

அதைவிடக் கவலைக்குரியது சங்கிலியின் நீளம். பழைய முறையில் தொலைபேசி, இணைப்பகம் என்று இரண்டே கண்ணிகள். புதிய முறையில் கருவி, அதனுள் ஓடும் மென்பொருள், மாடிதோறும் உள்ள வலைப்பின்னல் பெட்டி, அழைப்பை நடத்தும் கணினி, இவற்றுக்கு மின்சாரம் தரும் மாற்று ஏற்பாடு என்று ஐந்து. ஒவ்வொன்றும் நூற்றுக்கு 99 தடவை சரியாக இயங்குவதாகக் கொண்டால், இரண்டும் சேர்ந்து இயங்கும் வாய்ப்பு நூற்றுக்கு 98. ஐந்தும் சேர்ந்து இயங்கும் வாய்ப்பு 95 தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, சென்னையிலும் சுற்று வட்டாரத்திலும் பல இடங்களில் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் அற்றுப்போனதை நாம் மறக்கவில்லை. அத்தகைய இரவில் எந்தத் தொலைபேசி பேசும் என்பதே கேள்வி.

நிறுவனத்தையே நம்பியிருக்கும் ஆபத்தும் உண்டு. 2012-ல் ஹாங்காங்கில் தோன்றிய டிங்க் லேப்ஸ் நிறுவனம், ‘ஹேண்டி’ என்ற தொடுதிரைக் கைப்பேசியைப் பல நாட்டு ஓட்டல் அறைகளில் வைத்தது. 2019-ல் அது தொழிலை நிறுத்திக்கொண்டது. நிறுவனம் போன பிறகு கண்ணாடி மட்டும் இருந்து என்ன பயன்? இரண்டு கம்பித் தொலைபேசியைச் செய்த நிறுவனம் மூடிவிட்டாலும் அத்தொலைபேசி மணியடித்துக்கொண்டேதான் இருக்கும்.

அவசர அழைப்பு

“எல்லோர் கையிலும் கைப்பேசி இருக்கும்போது அறைத் தொலைபேசி எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். கைப்பேசியில் மின்கலம் தீரும். அதில் அழைத்தால் அழைப்பவர் எந்த அறையில் இருக்கிறார் என்பது ஓட்டல் வரவேற்பாளருக்குத் தெரியாது. அறைத் தொலைபேசியோ வரவேற்பறையை அழைத்தவுடனேயே அறை எண்ணைக் காட்டிக் கொடுத்துவிடும். பேச முடியாமல் மயங்கி விழுந்தவரையும் தேடிச் செல்ல முடியும்.

2013 டிசம்பரில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ஓர் ஓட்டல் அறையில் கேரி என்ற பெண் தாக்கப்பட்டார். அவருடைய ஒன்பது வயது மகள் 911 என்ற அவசர எண்ணை நான்கு முறை அழுத்தினாள். இணைப்பு கிடைக்கவில்லை. வெளியே பேச முதலில் ஒரு 9 போட வேண்டும் என்பது அந்தக் குழந்தைக்குத் தெரியாது. தாய் இறந்துபோனார். அதன் பயனாக 2018-ல் ‘கேரி சட்டம்’ பிறந்தது. எந்த முன் எண்ணும் இல்லாமல் அவசர எண்ணை நேரடியாக அழைக்க முடிய வேண்டும், அழைப்பு போனதும் வரவேற்பறைக்கும் செய்தி போக வேண்டும் என்று அது வகுத்தது.

அங்கே குறுக்கே நின்றது ஒரேயோர் எண். இங்கே உணவுப்பட்டியலும் வானிலையும் விளம்பரமும் நிற்கின்றன. நம் நாட்டில் பொது அவசர எண் 112, ஆம்புலன்ஸுக்கு 108. நான் பார்த்த கருவியில் இவ்விரண்டையும் அடைய மூன்று முறை தொட வேண்டியிருந்தது. ஆறு மொழிகள் அதில் இருந்தன, தமிழ் இல்லை. அந்த அறையைப் பெருக்கித் துடைப்பவர், மயங்கிக் கிடக்கும் விருந்தினரைக் கண்டால் எந்த மொழியில் உதவி தேடுவார்?

பிற துறைகள் கற்ற பாடம்

2017 ஆகஸ்டில் சிங்கப்பூர் அருகே ‘ஜான் எஸ். மெக்கெய்ன்’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் எண்ணெய்க் கப்பலுடன் மோதி 10 மாலுமிகள் இறந்தனர். கப்பலைச் செலுத்தும் தொடுதிரை அமைப்பின் சிக்கலான வடிவமைப்பும் விபத்துக்கு ஒரு காரணம் என்று விசாரணை கண்டது. 2019-ல் அந்நாட்டுக் கடற்படை கைப்பிடி விசைகளுக்கே திரும்புவதாக அறிவித்தது. கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்காப்பும், தன் 2026 முறையில், திரும்பும் விளக்கு, ஹாரன், துடைப்பான் போன்றவற்றுக்குத் தொட்டுணரக்கூடிய விசை இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று சொல்லியிருக்கிறது. கார்கள் உருவாகும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் இச்செய்தி புதிதல்ல. அக்கார்களில் வந்திறங்குபவர் தூங்கும் அறைக்கு மட்டும் இப்பாடம் இன்னும் எட்டவில்லை.

எப்படி இருக்க வேண்டும்?

திரையே வேண்டாம் என்பது என் கருத்தன்று. திரை இருக்கட்டும், அதன் பக்கத்தில் பன்னிரண்டு பட்டன்களும் இருக்கட்டும், 5-ன் மேல் புள்ளியோடு. தொட்டால் தெரியும் வகையில் தனி அவசரப் பட்டன் ஒன்று வேண்டும். 112-ஐ அழுத்தினால் முன் எண் இல்லாமல் போக வேண்டும். மின்சாரம் நின்றாலும் சில மணி நேரம் பேச வேண்டும். விளக்கை ஒரே சொடுக்கில் அணைக்க முடிய வேண்டும். மொழிப்பட்டியலில் தமிழ் வேண்டும். இவற்றில் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. நோக்கியா ஆலை 2006 முதல் 2014 நவம்பரில் மூடப்படும் வரை ஸ்ரீபெரும்புதூரில் கோடிக்கணக்கான எளிய கைப்பேசிகளைச் செய்தது. நல்ல பட்டன் எப்படிச் செய்வது என்று அறிந்த கைகள் இந்த வட்டாரத்திலேயே இருக்கின்றன.

மாணவ நண்பர்களே, உங்களில் சிலர் நாளை இத்தகைய கருவிகளை வடிவமைப்பீர்கள். சிலர் அவற்றை ஓட்டலுக்கு வாங்குவீர்கள். வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, கையை நனைத்துக்கொண்டு வரவேற்பறையை அழையுங்கள். பத்து நொடிக்குள் மறுமுனையில் ஒரு குரல் கேட்டால் வாங்குங்கள். கேட்காவிட்டால், அதன் விலையும் வனப்பும் எவ்வளவாயினும், அது தொலைபேசி என்ற பெயருக்குத் தகுதியுடையதன்று.