நம் வாக்கு டில்லி செல்லும் வழி

சட்டமன்றத் தேர்தல் வந்துவிட்டால் நமது கொருக்குப்பேட்டையில் சுவரெல்லாம் சின்னம், தெருவெல்லாம் கொடி! தேநீர்க் கடைதோறும் வேட்பாளரின் குணமும் குற்றமும் அலசப்படும். மாநிலங்களவைத் தேர்தலோ வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. பள்ளியில் பணிபுரியும் நாம் ஒரு நாள் மாணவரிடம், "தமிழ்நாட்டிலிருந்து அந்த அவைக்குச் சென்றவர் ஒருவரின் பெயரைச் சொல்லுங்கள்" என்றோம். வகுப்பே வாய் மூடிற்று. மாணவரை நோவானேன்? தந்தையரைக் கேட்டாலும் அதே மௌனந்தானே!

அந்த அவையில் தமிழ்நாட்டுக்கு உரிய இடங்கள் 18. அவை ஆறாறாகக் காலியாகின்றன. வாக்களிப்போர் சட்டமன்றத்தின் 234 உறுப்பினர். ஆறு இடங்களுக்குத் தேர்தல் நடப்பின், 34 பேரின் முதல் வாக்கைப் பெறுபவர் வென்றவராவார். 2013 ஜூனில் ஆறு இடங்களுக்கு எழுவர் நின்றனர், வாக்கெடுப்பு நடந்தது. 2022லும் 2025லும் களத்தில் எஞ்சியவர் அறுவரே. அனைவரும் போட்டியின்றித் தேர்வாயினர். கட்சித் தலைமை பெயரை அறிவித்தது, கதை முடிந்தது. போட்டியில்லாத இடத்தில் வாதம் ஏது? வாதமில்லாத இடத்தில் மக்களுக்கு விளக்கம் ஏது?

மற்றொரு குறையும் உண்டு. எந்த மாநிலத்தின் பெயரால் ஒருவர் அமர்கிறாரோ, அந்த மாநிலத்தின் வாக்காளராக அவர் இருத்தல் வேண்டும் என்பது முன்னைய சட்டம். 2003இல் அந்தத் தேவை நீக்கப்பட்டது. 2006இல் உச்சநீதிமன்றமும் அத்திருத்தம் செல்லுமென்றது. ப. சிதம்பரம் 2016இல் மகாராட்டிரத்திலிருந்தும், எல். முருகன் 2021இல் மத்தியப் பிரதேசத்திலிருந்தும் சென்றனர். தமிழர் சென்றாரென்று நாம் மகிழலாம். ஆயின் அம்மாநிலத்து உழவன், "என் ஊர் அறியாதவர் எனக்காகப் பேசுவதெங்ஙனம்?" என்று கேட்டால் நம்மிடம் விடை உண்டா? அதே கேள்வியை நாளை நாமும் கேட்க நேரலாம் அன்றோ? சட்டத்துக்கு ஒத்ததெல்லாம் நெறிக்கு ஒத்ததாகிவிடாது.

அவையே வேண்டாமென்பது நம் கருத்தன்று. 1962இல் காஞ்சிபுரத்தில் தோல்வியுற்ற அண்ணா, அதே ஆண்டில் இந்த வழியாகத்தான் டில்லி சென்று, மாநிலத்தின் குரலை அங்கே முழங்கினார். வாயில் நல்லதே! அதன் காவலர் உறங்குவதே கேடு.

அந்தக் காவலர் யார்? நாமே! கொருக்குப்பேட்டையை உள்ளடக்கிய ஆர்.கே. நகர்த் தொகுதியில் 2017 ஏப்ரலில் நடக்கவிருந்த இடைத்தேர்தலை, பணப் பட்டுவாடாவின் பொருட்டுத் தேர்தல் ஆணையம் நிறுத்திற்று. டிசம்பரில்தான் வாக்குப்பதிவு நடந்தது. காசுக்கு வாக்கை விற்பவர் ஒரு தேர்தலை மட்டுமா விற்கிறார்? அவ்வாக்கால் வெல்பவர் மாநிலங்களவைக்கும் வாக்களிப்பாரே! ஒரு கைநோட்டில் சென்னைக் கோட்டையும் டில்லி மன்றமும் சேர்ந்தன்றோ விலைபோகின்றன!

இளைஞர்களே, வாக்குக் கேட்டு வருபவரிடம் இனித் தெருவிளக்கையும் குடிநீரையும் மட்டும் கேட்டு விட்டுவிடாதீர். "எங்கள் பெயரால் டில்லிக்கு யாரை அனுப்புவீர்? ஏன் அவரை? அனுப்பிய பின் எங்களிடம் வந்து கணக்குச் சொல்வீரா?" என்றும் கேளுங்கள். கேளாத குடிமகனுக்குக் கிடைப்பது பிறர் எழுதிய பட்டியலே!