பித்தும் நோயும்: கோபிகிருஷ்ணன் செவிமடுத்த குரல்கள்

தமிழ் இலக்கியத்தில் பித்து என்னும் சொல் இழிசொல்லாக மட்டும் வழங்கவில்லை. சுந்தரர் இறைவனைப் பித்தன் என்று விளித்தே தம் முதற் பதிகத்தைத் தொடங்கினார். குலசேகராழ்வாரோ, அரங்கன்பால் கொண்ட காதலால் உலகோர் கண்ணுக்குத் தாம் பேயராய்த் தோன்றுவதையே பெருமையாகப் பாடினார். பக்தியின் உச்சத்துக்கு இவ்வாறு பெயராய் நின்ற சொல்லே மனம் நோயுற்றோர் மீதும் வழங்கலாயிற்று. இதனால் ஒரு குழப்பமும் உடன் வந்தது. நோயுற்றவரின் பேச்சைச் சிலர் அருள்வாக்கெனக் கைகூப்பிக் கேட்கின்றனர். சிலர் வெற்று உளறலென்று கதவை அடைக்கின்றனர். இரண்டு இடத்தும் அவர்படும் துன்பத்தைக் கேட்பார் இல்லை. இக்குறையைத் தமிழ் உரைநடையில் நேராக எதிர்கொண்ட நூல், கோபிகிருஷ்ணன் வெளியிட்ட 'உள்ளேயிருந்து சில குரல்கள்' என்பது என் துணிபு.

இது நமக்கு அயலான செய்தியன்று. மைசூரிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மாதேஸ்வரன் மலையை நம் சங்கத்து அன்பர்கள் நன்கறிவர். அம்மலையைத் தன்னுட் கொண்டிருந்த கொள்ளேகால் வட்டம் 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1997 முதல் அப்பகுதி சாமராஜநகர் மாவட்டத்தில் உள்ளது. மாநில எல்லை மாறினும் சேலம், ஈரோடு, தருமபுரி மக்களின் வருகை மாறவில்லை. கம்சாளைத் தாளம் ஒலிக்கத் தேவரகுட்டர்கள் மாதேஸ்வரரின் கதையைப் பாடுவர். இத்தகைய கூட்டத்தில் ஒருவர்மீது சாமி வருவதைக் கண்டு எவரும் அஞ்சுவதில்லை. அதற்கோர் இடமும் பொழுதும் உண்டு. திருநீறு பூசியதும் சாமி மலையேறிவிடும். ஆடிய அம்மையார் சற்று நேரத்தில் தம் பேரக்குழந்தைக்குச் சோறூட்டிக்கொண்டிருப்பார்.

நோயின் இயல்போ வேறு. இன்று இருதுருவ மனநோய் எனப்படுவதில் மனம் ஒருகால் அளவிறந்து பொங்கும். ஒருகால் ஆழத் தாழும். பொங்குங்கால் உறக்கம் வேண்டாதாகும், பேச்சு பெருகும், பணம் நீராய்ச் செலவழியும். இந்நிலை நாட்கணக்கிலும் வாரக்கணக்கிலும் நீளும். இந்நோயின் கடும் வகையினருள் பாதிக்கு மேற்பட்டோர்க்கு, வாழ்நாளில் ஒருமுறையேனும், இல்லாத குரல் கேட்டலோ மெய்யல்லாததை மெய்யென உறுதியாய் நம்புதலோ நேர்கிறது. அந்நம்பிக்கையும் பெரும்பாலும் மனநிலையின் வண்ணத்தையே ஏற்கிறது. பொங்கியவர், 'நான் அவதாரம். உலகைக் காக்க ஆணை வந்துள்ளது' என்பார். தாழ்ந்தவர், 'நான் மகாபாவி. என்னால் குடும்பமே அழிந்தது' என்பார். புலியை அடக்கி அதன்மீது ஏறியவர் மாதேஸ்வரர். நோயுற்றவரும் தாம் புலியேறியதாகவே எண்ணுகிறார். ஆயின் புலி அவரை இழுத்துச் செல்கிறது.

கோபிகிருஷ்ணனின் சிறப்பு இங்கேதான் விளங்குகிறது. 1945இல் பிறந்து 2003இல் மறைந்த அவர், மனநலத் துறையில் பணியாற்றியவர். தாமும் மனநல மருத்துவம் பெற்றவர். நோயுற்றோர் கூறியவற்றை அவர் சிறுசிறு பதிவுகளாகத் தருகிறார். கதைக்கோப்பை எதிர்பார்த்து அந்நூலுட் புகுவோர் ஏமாற்றமடையக்கூடும். தொடக்கமும் முடிவும் தெளிவுற அமைந்த கதையாக அவற்றைப் புனைந்திருப்பின், ஆசிரியரின் கருத்தே மேலோங்கி நோயாளியின் குரல் அமுங்கியிருக்கும். அவர் அக்குரலைத் தெய்வமாக உயர்த்தவுமில்லை. நகைப்புக்கு உரியதாகத் தாழ்த்தவுமில்லை. துன்புறும் மனிதரின் பேச்சாக நம்முன் வைக்கிறார். திறனாய்வாளர் சிலர் குறையெனக் கருதும் அவ்வறட்சியே நூலின் அறமாகும்.

இவ்வறத்தை நம் திறனாய்வு இன்னும் முற்றக் கற்கவில்லை. 1984இல் பெங்களூரில், தம் 33ஆம் வயதில், உயிரை மாய்த்துக்கொண்ட கவிஞர் ஆத்மாநாமும் மனநோயால் அல்லலுற்றவரே. அவர்தம் கவித்திறத்துக்கு நோயே ஊற்று என்பாரும் உளர். இஃது ஏற்கத்தக்கதன்று. 'ழ' இதழை நடத்திய உழைப்பும், சொல்லைச் சுருக்கிய பயிற்சியும் அவர் தேடிக்கொண்ட செல்வங்கள். நோய் அவருக்குக் கவிதையை ஈயவில்லை; அவர் எழுதியிருக்கக்கூடிய கவிதைகளை நம்மிடமிருந்து பறித்தது.

அங்ஙனமாயின் மலைக்குச் செல்வது வீணா எனச் சிலர் வினவலாம். வீணன்று. தமிழ்நாட்டில் முத்துசுவாமி கோயில் ஒன்றில் தங்கிய 31 மனநோயாளரைப் பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் ஆராய்ந்து, 2002இல் முடிவை வெளியிட்டனர். அவர்களுள் இருவர் மனம் பொங்கிய நிலையில் இருந்த இருதுருவ நோயாளர். அங்கே தங்கியபின் நோய்க்குறிகளின் அளவு ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்தது. அச்சுறுத்தாத, அரவணைக்கும் சூழலே அதற்குத் துணைநின்றது என்பது அவர்தம் கருத்து. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் நேர்ந்ததோ இதற்கு நேர்மாறு: காப்பிடம் ஒன்றில் தீப்பற்றியபோது சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தோர் தப்ப வழியின்றி, 28 பேர் மாண்டனர். அன்பு நோயாளியைத் தாங்கும், சங்கிலி கொல்லும். ஆயினும் அன்பு மட்டும் மருந்தாகிவிடாது. 1949இல் ஜான் கேட் என்னும் ஆஸ்திரேலிய மருத்துவர் கண்டுரைத்த லித்தியம் இன்றளவும் இந்நோய்க்குத் தலையாய மருந்துகளுள் ஒன்று. அதன் அளவைக் குருதியிற் சோதித்து, மருத்துவர் சொற்படி தொடர்ந்து உண்ணல் வேண்டும். மனநிலை சீரடையுங்கால், கேட்ட குரல்களும் பெரும்பாலும் அடங்கிவிடுகின்றன.

பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்த நம் குடும்பங்களில், 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்னும் அச்சம் சற்று மிகுதி. பெண்ணின் திருமணம் தடைப்படும், மகனின் வேலை போய்விடும் என்று நோயை மறைத்து, மலைக்கும் வீட்டுக்கும் நடந்தே ஆண்டுகளைக் கழிப்போர் உளர். அவர்கள் மாதேஸ்வரரை வணங்கிவிட்டு, மருத்துவரிடமும் செல்லட்டும். உள்ளேயிருந்து ஒரு குரல் எழுமாயின், அஃது அருள்வாக்கா உளறலா என்று ஆராய்வதற்கு முன், 'நீ உறங்கி எத்தனை நாளாயிற்று?' என்று ஒரு சொல் கேட்போம். கோபிகிருஷ்ணனின் நூல் நமக்குக் கற்பிக்கும் பாடம் அதுவே.