அடித்து எழுதிய எண்

லாரி கிராமரின் ‘தி நார்மல் ஹார்ட்’ நாடகத்தை நான் மேடையில பார்த்ததில்ல. புத்தகமாத்தான் படிச்சேன். கதையைவிட முதலில் மனசில் நின்றது சுவர்தான்.

1985 ஏப்ரலில் நியூயார்க் பப்ளிக் தியேட்டரில் இது அரங்கேறியது. அரங்கச் சுவர்களுக்கு வெள்ளையடித்து, அமெரிக்காவில் எய்ட்ஸ் கண்டவர்களின் எண்ணிக்கையைக் கறுப்பு எழுத்தில் எழுதி வைத்தார்கள். அரசின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் புதுக்கணக்குச் சொல்லச் சொல்ல, பழைய எண்ணை அடித்துவிட்டு அதன் கீழேயே புது எண்.

‘இது நாடகமா, துண்டறிக்கையா’ என்று கேட்டவர்கள் உண்டு. கோபம் வந்தால் கலை கெட்டுப்போகுமாம். எம்.ஏ. வகுப்பில் மெய்ப்பாடு எட்டு என்று உருப்போட்டோமே, அதில் வெகுளியும் ஒண்ணுதானே?

துண்டறிக்கையில் எதிராளி பேசமாட்டான். இங்கே பேசுகிறான். தன்பாலீர்ப்பாளர்கள் கொஞ்ச காலம் உடலுறவை நிறுத்தணும்னு நெட் வீக்ஸ் கத்துகிறான். காதலிக்கும் உரிமைக்காகவே போராடி வந்த மிக்கி உடைந்துபோகிறான். ‘நாங்க ஜெயிச்சதே எங்களைக் கொல்லுதுன்னு சொல்றியா?’ என்பதுதான் அவன் கேள்வியின் சாரம். புரூஸ் வங்கியில் பெரிய பதவி. வெளியே சொன்னால் வேலை போகும். கடைசியில் இவர்களே நெட்டை அமைப்பைவிட்டு வெளியேற்றுகிறார்கள். கிராமருக்கும் 1983இல் அதுதான் நடந்தது. தன்னை வெளியேற்றியவர்களுக்கும் நியாயம் எழுதிக் கொடுத்திருக்கிறார் மனுசன். இயக்கத்துல இருந்தவங்களுக்குத் தெரியும், அது எவ்வளவு கஷ்டம்னு.

ஆனால் மேடையில் நிற்பவர்களைப் பாருங்கள். பெரும்பாலும் வசதியுள்ள வெள்ளை ஆண்கள். 1986 அக்டோபரில் அதே மையம் தந்த கணக்கில், நோய் கண்டவர்களில் 25 சதவீதம் கறுப்பர், 14 சதவீதம் ஹிஸ்பானியர். ஊசியில் போதைமருந்து ஏற்றிக்கொண்டவர்கள், ஹைத்தியர்கள், கறுப்பினப் பெண்கள் எல்லாரும் சுவரில் எண்ணாக இருக்கிறார்கள். அவர்களுக்கு வசனம் இல்லை. நாடகம் தன் சொந்தச் சாவைச் சொன்னது, அதை நான் குறை சொல்லமாட்டேன். ‘எய்ட்ஸ் காலத்தின் நாடகம்’ என்று இதை ஒன்றை மட்டும் கொண்டாடுகிறவர்களிடம்தான் எனக்குச் சண்டை.

1987 மார்ச்சில் கிராமர் பேசிய ஒரு பேச்சிலிருந்து ‘ஆக்ட் அப்’ பிறந்தது. அதே மாதம் 24ஆம் தேதி அவர்கள் வால் ஸ்ட்ரீட்டை மறித்தார்கள். அப்போது ஏஇசட்டி மருந்து ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலர்.

2011இல் நாடகம் பிராட்வேக்கு வந்தது. எழுபத்தைந்து வயது கிராமர் அரங்க வாசலில் நின்று, இதில் வருகிறவர்கள் நிஜ மனிதர்கள் என்று அச்சடித்த தாளைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவர்கள் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார். துண்டறிக்கைதான்.