திகம்பர சாமியார்: துயில் மறுத்துப் பெற்ற உண்மை

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனம் டி. ஆர். சுந்தரத்தின் இயக்கத்தில் 1950ஆம் ஆண்டு வெளியிட்ட கறுப்பு வெள்ளைத் திரைப்படம் ‘திகம்பர சாமியார்’. வடுவூர் கே. துரைசாமி ஐயங்காரின் துப்பறியும் புதினத்தைத் தழுவியது. எம். என். நம்பியார் பல மாறுவேடங்களில் தோன்றிய படம் என்றே இது பெரிதும் நினைவுகூரப்படுகிறது. பின்னாளில் வில்லனாகவே நிலைபெற்ற நடிகர் இதில் கதைத்தலைவர் என்னும் வியப்பும் அதனோடு சேர்ந்துகொள்ளும். இவ்விரு வியப்புகளும் படத்தின் மையச் சிக்கலை மறைத்துவிட்டன என்பது என் கருத்து.

திகம்பரன் என்றால் திசைகளையே ஆடையாக உடுத்தவன். அப்பெயர் பூண்டவரோ வேடத்தின்மேல் வேடம் புனைகிறார். பொய்த்தோற்றத்தின் வழியே மெய்யைத் தேடுவது துப்பறியும் கதைகளில் வழக்கமானதுதான். ஆயினும், இப்படத்தில் உண்மையை வெளிக்கொணர்வது வேடமன்று. உண்மையை மறைக்கும் ஒருவனைச் சாமியார் மனோவசியத்தின் துணையோடு இரவு பகலாகத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறார். அவன் கண் அயராதிருக்க, ஆடலும் பாடலும் அடுத்தடுத்து நிகழ்த்தப்படுகின்றன. மனோவசியத்தைத் தமிழில் ‘அறிதுயில்’ என்றும் வழங்குகிறோம். மேலைச்சொல்லும் கிரேக்கர்களின் துயில் தெய்வத்தின் பெயரிலிருந்து பிறந்ததே. இங்கோ அக்கலை துயிலுக்குப் பகையாக நிற்கிறது.

கதைப்பின்னல் என்னும் நோக்கில் இவ்வுத்தி மிகவும் நுட்பமானது. தமிழ்ப்படங்களில் பாடல் வந்தால் கதை நின்றுவிடும் என்பது பழைய குறை. எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ (1954) பாடல்களையே விலக்கி அக்குறையைத் தீர்த்தது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே ‘திகம்பர சாமியார்’ வேறொரு வழி கண்டது. இங்கு நடனமே விசாரணைக் கருவி. அதனை நீக்கினால் கதை நகராது. எனினும், பார்வையாளர் சுவைக்கும் அதே நடனம் படத்திலுள்ள மனிதனுக்கு வதையாகிறது. இருவரும் ஒரே காட்சியைத்தான் காண்கின்றனர். நாம் நினைத்தபோது எழுந்து போகலாம், அவனால் இயலாது. இம்முரண் இயக்குநரின் கருத்தில் இருந்ததா என்பது வேறு வினா.

இவ்வாறு பெறப்படும் வாக்குமூலத்தின் தகுதி என்ன? படம் வெளிவந்த அதே 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசமைப்பின் 20(3)ஆம் உறுப்பு, குற்றஞ்சாட்டப்பட்டவரைத் தமக்கெதிராகவே சாட்சி சொல்லும்படி வற்புறுத்தலாகாது என்கிறது. நம் நாட்டின் 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 24ஆம் பிரிவும், அதிகாரமுடையோர் அச்சுறுத்தியோ ஆசைகாட்டியோ பெற்ற ஒப்புதலை ஏற்பதில்லை. உண்மை கூறச்செய்யும் மருந்தைச் செலுத்தியும் கருவி பொருத்தியும் ஒருவரை அவர் இசைவின்றிச் சோதிப்பது அரசமைப்புக்கு முரண் என இந்திய உச்ச நீதிமன்றம் செல்வி வழக்கில் 2010இல் தீர்ப்பளித்தது. மனத்தின் கதவை வெளியிலிருந்து திறக்கலாம் என்னும் நம்பிக்கை, சாமியாரின் காலத்தோடு முடிந்துவிடவில்லை என்பதை அவ்வழக்கு காட்டுகிறது.

சாமியார் நல்லவர், எதிரி தீயவன் என்று கதை முன்கூட்டியே உறுதிசெய்துவிடுவதால் நமக்கு ஐயம் எழுவதில்லை. அவன் குற்றமற்றவனாக இருந்திருந்தால் அவ்விரவுகள் எப்படித் தோன்றியிருக்கும்? தூக்கமின்மையால் தளர்ந்தவன், கேட்பவர் விரும்பியதையே சொல்லக்கூடும். இவ்வாய்ப்பைப் படம் எண்ணிப் பார்க்கவில்லை. ஜொகூரில் என் மாணவர்களுக்கு இப்பகுதியைத் திரையிட்டபோது, ஆடியவர் யார், பாடியவர் யார் என்றே பலரும் கேட்டனர். ஒரு மாணவி மட்டும், “அவருக்கு எப்போது தூங்க விடுவார்கள், ஐயா?” என்றாள்.