கத்திரி வெயிலிலும் அசராத 990 ப்ரோ

கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்கள் யார் கேட்டாலும் நான் சொல்லும் ஒரே பெயர், சாம்சங் 990 ப்ரோ. என்னிடம் இருப்பது 2 டிபி. 2022 கடைசியில் வந்த எஸ்எஸ்டி இது. அதற்கப்புறம் பிசிஐஇ 5.0 எஸ்எஸ்டிகள் வந்து, வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது. இருக்கட்டும். சென்னையில் ஏசி இல்லாத அறையில், கத்திரி வெயில் நேரத்தில், மூச்சு வாங்காமல் இது வேலை செய்கிற அழகைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான். அந்த சந்தோஷத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பெட்டியில் போட்டிருப்பது, படிக்க நொடிக்கு 7,450 எம்பி, எழுத 6,900 எம்பி. கிரிஸ்டல்டிஸ்க்மார்க் என்கிற வேகச் சோதனை மென்பொருளில் ஓட்டினால் அதை ஒட்டியே காட்டுகிறது. இது பொருந்தும் நாலு லேன் பிசிஐஇ 4.0 வழியாக நொடிக்கு மொத்தமே 8,000 எம்பிக்குச் சற்றுக் குறைவாகத்தான் போக முடியும் என்கிறபோது, இதற்கு மேல் என்ன வேண்டும்! ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது அதே திரையின் கடைசி வரி. துண்டு துண்டாக 4 கேபி தகவல்களை ஒவ்வொன்றாக எடுக்கும் சோதனை அது. அதில் 80, 90 எம்பி வருகிறது. சின்ன எண்ணாகத் தோன்றும். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் பழைய ஹார்ட் டிஸ்க் ஒரு தடவை சுற்றி வரவே 8 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். இந்த வேலையில் அது 1 எம்பியைக்கூடத் தொடாது. பிராஜெக்டைத் திறந்ததும் நூற்றுக்கணக்கான கிளிப்புகளின் குட்டிப் படங்கள் படபடவென்று வந்து நிற்பது இந்தக் கடைசி வரியின் புண்ணியம்தான்.

இனி சூடு. இந்த டிரைவ் இழுக்கும் ஐந்தாறு வாட் மின்சாரம் சின்ன விஷயமாகத் தெரியும். 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும் உள்ள பலகையில், அதுவும் பெரும்பாலும் கன்ட்ரோலர் என்கிற ஒரே சில்லில் அது எரியும்போதுதான் விஷயம் தெரியும். வெளிநாட்டு விமர்சகர்கள் 22, 24 டிகிரி அறையில் சோதித்து எண்களைத் தருகிறார்கள். நம் அறை மே மாதத்தில் 35. அவர்கள் எண்ணோடு பத்துப் பன்னிரண்டைக் கூட்டித்தான் நாம் கணக்குப் போட வேண்டும். இந்த டிரைவ் தனக்கு வைத்துக்கொண்டிருக்கும் எச்சரிக்கை வரம்பு 82 டிகிரி, அபாய வரம்பு 85. நம் ஊரில் அந்தப் பத்து டிகிரிதான் எல்லாமே.

கிரிஸ்டல்டிஸ்க்மார்க் வழக்கமாக எழுதிப் படிப்பது 1 ஜிபி கோப்பு. அதற்குள் கேஷும் நிரம்பாது, சூடும் ஏறாது. அதனால் ஃபியோ என்கிற சோதனை நிரலை வைத்து நிறுத்தாமல் எழுதவிட்டேன். நடுவில் வேகம் சட்டென்று 1,400 எம்பிக்கு இறங்கியது. இதைப் பார்த்தால் யாருக்கும் "சூடாயிடுச்சு" என்றுதான் தோன்றும். சூடு இல்லை! ஒரு செல்லில் மூன்று பிட் வைக்கும் டிஎல்சி நினைவகம் இது. அவசரத்துக்கு ஒரு பகுதியில் செல்லுக்கு ஒரே பிட்டாக வேகமாக எழுதிக்கொள்ளும். 2 டிபி டிரைவில் கேஷ் எனப்படும் அந்த இடம் 226 ஜிபி வரை விரியும். அது தீர்ந்ததும் வேகம் இறங்கி, இறங்கின இடத்தில் ஒரே மட்டமாக நிற்கும். சூட்டால் வரும் இறக்கம் அப்படி நிற்காது. ஏறும், இறங்கும், ரம்பப் பல் மாதிரி கோடு போடும். கேஷ் நிரம்பிய டிரைவுக்குக் காசு கொடுத்து ஹீட்சிங்க் மாட்டி ஒரு பிரயோஜனமும் இல்லை. அதனால்தான் பார்க்கிறவர்களிடமெல்லாம் இந்த வித்தியாசத்தைச் சொல்கிறேன்.

சூட்டை மட்டும் தனியாகப் பார்க்க ஒரு அருமையான வழி உண்டு: எழுதாதீர்கள், படிக்கவிடுங்கள். படிப்பதற்கு எழுத்துக் கேஷோடு சம்பந்தம் கிடையாது. அங்கே வேகம் விழுந்தால் காரணம் சூடுதான். வெறும் டிரைவாக வைத்துத் தொடர்ந்து படிக்கவிட்டபோது, சென்சார் எண்களைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் வெப்பநிலை எண்பதைத் தாண்டியதும் டிரைவ் தன்னைத் தானே அடக்கிக்கொண்டது. பிறகு மதர்போர்டோடு வந்த அலுமினியப் பட்டையை மாட்டி, அதே மதிய நேரத்தில், அதே சோதனையை ஓட்டினேன். அறுபத்தைந்துக்குப் பக்கத்தில் ஏறி அப்படியே நின்றுவிட்டது. வேகக் கோட்டில் ஒரு சின்னச் சுருக்கம்கூட இல்லை. 7,000-க்கு மேலே, ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு! ஃபேன் இல்லை, சத்தம் இல்லை, ஒரு துண்டு உலோகமும் ஒரு தெர்மல் பேடும், அவ்வளவுதான்.

8 நானோமீட்டர் கன்ட்ரோலர், அதன் மேல் நிக்கல் பூச்சு, சூட்டைப் பரப்பும் லேபிள் என்று சாம்சங் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறது. அந்த லேபிளை யாரும் உரித்துவிடாதீர்கள். அதுவும் வேலை செய்கிறது, ஐந்து வருட வாரண்டியும் அதில்தான் இருக்கிறது. உரிக்க வேண்டியது ஹீட்சிங்க் பேடின் மேலிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை. அதோடு மாட்டினால் ஹீட்சிங்க் இருந்தும் இல்லாத மாதிரிதான். கிராபிக்ஸ் கார்டுக்கு நேர் கீழே உள்ள ஸ்லாட்டையும் முடிந்தவரை தவிருங்கள், கார்டின் அனல் முழுக்க அங்கேதான் இறங்கும்.

ரொம்பக் குளிர வைக்கவும் வேண்டாம். சூடு குறைய வேண்டியது கன்ட்ரோலருக்குத்தான். நினைவகச் சில்லுகள் எழுதும்போது கொஞ்சம் கதகதப்பாக இருப்பது அவற்றுக்கு நல்லதே. குட்டி ஃபேன் வைத்த ஹீட்சிங்கெல்லாம் இந்த டிரைவுக்குத் தேவையே இல்லை.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டால் ஹீட்சிங்கோடு வருவதையும் எடுத்துக் காட்டுவார்கள். மதர்போர்டில் ஏற்கெனவே பட்டை இருந்தால் வெறும் டிரைவே போதும். பிளேஸ்டேஷன் 5-க்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஹீட்சிங்க் உள்ளதை வாங்குங்கள். அதன் தடிமன் 8.2 மில்லிமீட்டர், சோனி அனுமதிப்பது 11.25 வரை. லேப்டாப்பில் அது நுழையாது. பட்ஜெட் இடம் கொடுத்தால் 4 டிபிக்குப் போய்விடுங்கள். அதில் கேஷ் 442 ஜிபி வரை விரியும், ஒரு முகூர்த்தத்தின் மொத்த ஃபுட்டேஜும் உள்ளே போகும். என்னுடைய அடுத்த டிரைவ் அதுதான்.